அப்பா வாங்கிய உறையூர் வீட்டை விற்கிறோம்: முதலில் பெயிண்டா, பத்திரமா?

உறையூர்_பையன்

வணக்கம். திருச்சி உறையூரில் அப்பா 1978-இல் கிரயம் வாங்கிய வீட்டை விற்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மனை 2,400 சதுர அடி. முன்பக்கம் திண்ணையும் மெட்ராஸ் டெரஸ் போட்ட கூடமும். அது வாங்கும்போதே பழசு. பின்னால் இரண்டு அறையும் சமையலறையும் 1986-இல் அப்பா கான்கிரீட்டில் கட்டியது. கொல்லையில் கிணறு, இரண்டு தென்னை.

அப்பா 2011-இல் தவறிவிட்டார். அம்மா கோவையில் என்னோடு இருக்கிறார். தங்கை சிங்கப்பூரில். வீடு பூட்டிக் கிடக்கிறது. போன ஐப்பசி மழையில் கூடத்துச் சுவரில் ஈரம் இறங்கியிருக்கிறது. பின் அறை சீலிங்கில் ஓரிடத்தில் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிறது.

தெரிந்த காண்ட்ராக்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு மொத்தமாக 7 லட்சம் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். உள்ளும் புறமும் பட்டி பார்த்துப் பெயிண்ட், சிவப்புத் தரை மேல் டைல்ஸ், மாடுலர் கிச்சன், கூடத்துக்கு ஃபால்ஸ் சீலிங். இதெல்லாம் செய்தால் 15 லட்சம் ஏற்றிக் கேட்கலாம் என்கிறார். செய்யலாமா? விற்பதற்கு முன்னால் வேறு என்னென்ன தயார் செய்ய வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

காவேரிப்பாலம்

திருச்சியில் வீடு மனை வாங்கி விற்கும் தொழிலில்தான் இருக்கிறேன். 7 லட்சம் தேவையில்லை. ஆனால் பெயிண்ட் கட்டாயம் அடியுங்கள். பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு போகும்போது வாசலில் ஒட்டடை, உள்ளே வௌவால் நாற்றம் என்றால் வந்தவர் ஹாலைத் தாண்ட மாட்டார். வீட்டம்மா முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெளிச்சுவர், கேட், கூடம் இந்த மூன்றுக்கும் ஒரு கோட்டிங் கொடுத்து, எல்லா அறையிலும் பல்பு எரிகிற மாதிரி வைத்தால் போதும். டைல்ஸ், கிச்சன் எல்லாம் வாங்குகிறவர் அவர் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்வார்.

சுண்ணாம்பும்செங்கலும்

சிவில் இன்ஜினியர், பழைய கட்டட வேலையே அதிகம் செய்பவன். காவேரிப்பாலம் சார் சொல்வதில் பாதி சரி. சுத்தம் வேண்டும், வெளிச்சம் வேண்டும். ஆனால் ஈரம் இறங்கிய சுவருக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முன் கூடத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்கு உத்திரம், அதன் மேல் சின்னக் கட்டைகள், கட்டைகளுக்கு மேல் சன்னமான செங்கல்லைச் சுண்ணாம்பு வைத்து நெட்டுக்குத்தாக அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, கடைசியாகத் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதித்தது. மழை எங்கே நுழைந்தாலும் கடைசியில் பதம் பார்ப்பது உத்திரத்தின் முனையைத்தான், அதாவது சுவருக்குள் புதைந்திருக்கும் பகுதியை. ஏணி போட்டு ஏறி, உத்திரம் சுவருக்குள் போகிற இடத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்திப் பாருங்கள். கெட்டியாக நின்றால் தேக்கு நன்றாக இருக்கிறது. சுலபமாக உள்ளே இறங்கினால், அல்லது தட்டும்போது உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் வந்தால், கரையானோ உளுப்போ பிடித்துவிட்டது. அப்படியானால் அந்தக் கூடத்தின் மேல் காசு போடுவதில் அர்த்தமே இல்லை. ஃபால்ஸ் சீலிங் போட்டால் இதையெல்லாம் மறைத்துவிடலாம், அதனால்தான் காண்ட்ராக்டர் அதைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர் வந்தால் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். பழைய வீட்டில் புது ஃபால்ஸ் சீலிங் என்றால் மேலே என்ன இருக்கிறது என்று கேட்காமல் போக மாட்டார்.

உத்திரம் நன்றாக இருந்தால் மாடிக்குப் போங்கள். தட்டோடு இணைப்புகளில் விரிசல் இருக்கும், கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அரசங்கன்று முளைத்திருக்கும், மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் வாயை இலை அடைத்திருக்கும். கன்றை வேரோடு எடுத்து, விரிசலைச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்து, குழாயைச் சுத்தம் செய்தாலே ஒழுகல் பெரும்பாலும் நின்றுவிடும். சுண்ணாம்புத் தளத்தின் மேல் சிமெண்ட் போட்டு மூடச் சொல்வார்கள், வேண்டாம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சிமெண்ட் அதை மூடிவிடும், ஈரம் கீழே இறங்கி மரத்துக்குப் போகும்.

பின் அறையில் கம்பி தெரிவது வேறு கதை. கம்பி துருப்பிடித்து உப்பிப் பூச்சைத் தள்ளியிருக்கிறது. அதன் மேல் சிமெண்ட் பூசினால் அடுத்த மழைக்கே விழும். தட்டி எடுத்து, துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலவையால் அடைக்க வேண்டும். ஓரிடம்தான் என்றால் சின்ன வேலை.

இதை எல்லாம் புரட்டாசிக்குள் முடியுங்கள். ஐப்பசி மழையில் ஒழுகவில்லை என்று பார்த்தபிறகு, சுவர் காய்ந்தபிறகு பெயிண்ட். ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் உப்புப் பூத்துக் கொப்பளமாக எழும், அதைப் பார்க்கிற ஆளிடம் நீங்கள் 10 லட்சம் குறைத்துச் சொன்னாலும் நம்பிக்கை வராது.

தில்லைநகர்_அக்கா

வாங்கிய பக்கத்திலிருந்து சொல்கிறேன். நாங்கள் பல வீடு பார்த்து, கடைசியில் ஒரு பழைய வீட்டைத்தான் வாங்கினோம். புதுப் பெயிண்ட் வாசனை வந்தால் என் வீட்டுக்காரர் உடனே சுவரில் கையை வைத்துப் பார்ப்பார். நாங்கள் வாங்கிய வீட்டில் அந்த அம்மா, "இந்த மூலையில் மழைக்கு ஒழுகும், போன வருஷம் சரி பண்ணினோம், அதற்கப்புறம் ஒழுகவில்லை" என்று தானாகவே காட்டினார். செய்த ஆளின் போன் நம்பரையும் கொடுத்தார். அந்த ஒரு பேச்சுக்காகவே விலையில் அதிகம் இழுக்கவில்லை.

சிவப்புத் தரையைத் தயவுசெய்து மூடாதீர்கள் தம்பி. நன்றாகக் கழுவி, காய்ந்தபிறகு துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் முகம் தெரியும். அந்தத் தரைக்காகவே வீடு தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பதிவேடு

பத்திர எழுத்தர். எல்லோரும் சுவரைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் சில கேள்விகள் கேட்கிறேன், உறையூர்_பையன் பதில் சொல்லட்டும்.

1978 கிரயப் பத்திரத்தின் அசல் கையில் இருக்கிறதா? அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள்? அப்பா உயில் எழுதினாரா? வாரிசுச் சான்று வாங்கியாகிவிட்டதா? பட்டா இன்னும் அப்பா பெயரிலா, அல்லது அவருக்கு விற்றவர் பெயரிலா? வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) கடைசியாக எப்போது போட்டீர்கள்?

இன்னொன்று, இதுதான் முக்கியம். அப்பா இறந்தபோது அப்பாவைப் பெற்ற அம்மா, உங்கள் பாட்டி, உயிரோடு இருந்தாரா?

உறையூர்_பையன்

எல்லோருக்கும் நன்றி. ஃபால்ஸ் சீலிங், டைல்ஸ், கிச்சன் மூன்றையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பதிவேடு சார், அசல் பத்திரம் இருக்கிறது, தாய்ப் பத்திரம் ஒன்றும் இருக்கிறது. உயில் இல்லை. பட்டா அப்பா பெயரில். வாரிசுச் சான்று 2011-லேயே வாங்கினோம், பென்ஷன் விஷயத்துக்காக. அதில் அம்மா, நான், தங்கை, பாட்டி நான்கு பேர் இருக்கிறோம். பாட்டி 2016-இல் தவறினார். தாத்தா அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டார். பாட்டி இப்போது இல்லை என்பதால் நாங்கள் மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் போதும்தானே? ஏன் கேட்கிறீர்கள்?

பதிவேடு

போதாது. நிதானமாகப் படியுங்கள்.

வீடு அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது, உயில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி ஓர் ஆண் இறந்தால் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன், மகளோடு அவருடைய தாயாரும் சமமாக வருகிறார். ஆகவே 2011-இல் அந்த வீடு நான்காகப் பிரிந்துவிட்டது. பாட்டிக்கு நாலில் ஒரு பங்கு. 2016-இல் பாட்டி இறந்தபோது அந்தப் பங்கு உங்களிடம் திரும்பி வராது. பாட்டியின் பிள்ளைகள் எல்லோருக்கும் போகும். அதில் முன்பே இறந்த பிள்ளைக்கு உரியதை அந்தப் பிள்ளையின் மக்கள் எடுத்துக்கொள்வார்கள்.

அப்பாவுக்கு உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர்?

(இது இந்துக் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவர், இஸ்லாமியர் என்றால் கணக்கு வேறு.)

உறையூர்_பையன்

ஒரு அத்தை, கரூரில். ஒரு சித்தப்பா, புதுக்கோட்டையில். இது எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது சார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பதிவேடு

அப்படியானால் பாட்டியின் நாலில் ஒரு பங்கு மூன்றாகப் பிரியும். அத்தைக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று, அப்பாவுடைய ஒன்று உங்களுக்கும் தங்கைக்கும். மொத்த வீட்டை 24 பாகமாக வைத்தால் அம்மாவுக்கு 6, உங்களுக்கு 7, தங்கைக்கு 7, சித்தப்பாவுக்கு 2, அத்தைக்கு 2. உங்கள் அம்மாவுக்குப் பாட்டி பங்கிலிருந்து எதுவும் வராது.

செய்ய வேண்டியது: பாட்டியின் இறப்புச் சான்றை வைத்து, அவர் பெயருக்கும் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்று வாங்குங்கள். இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பிறகு கிரயத்தில் ஐந்து பேரும் விற்பவர்களாகக் கையெழுத்துப் போடலாம். அல்லது அத்தையும் சித்தப்பாவும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். ஐந்து பேரும் சேர்ந்து விற்பதுதான் எனக்குப் பிடித்த வழி. ஒரு பத்திரச் செலவு மிச்சம், அவரவர் பங்கு அவரவர் கைக்குப் போய்விடும்.

மலைக்கோட்டை_வாசகர்

எதற்கு இத்தனை சிக்கல்? அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் இந்த விஷயம் தெரியவே தெரியாது. இத்தனை வருடம் வரி கட்டியது, வீட்டைப் பார்த்துக்கொண்டது எல்லாம் இவர்கள்தான். காதும் காதும் வைத்த மாதிரி மூன்று பேர் பெயரில் பட்டா மாற்றி விற்றுவிட்டுப் போகலாம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தில்லைநகர்_அக்கா

அப்படி விற்ற வீட்டை வாங்கியவர்கள் நிலைமையை யோசித்தீர்களா? எங்கள் தெருவில் ஒரு குடும்பம் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய வீட்டுக்கு, விற்றவருடைய அக்கா கேஸ் போட்டுவிட்டார். அவர்கள் வீட்டுப் பெண் கல்யாணத்துக்கு அந்த வீட்டை வைத்து லோன் கேட்டபோது எந்த வங்கியும் தொடவில்லை. நல்ல மனுஷர்கள், ஒரு தப்பும் செய்யாதவர்கள்.

பதிவேடு

மலைக்கோட்டை சார், வாரிசுச் சான்றிலேயே பாட்டி பெயர் இருக்கிறது. லோன் போட்டு வாங்குகிறவராக இருந்தால் வங்கி வக்கீல் முதல் நாளே இதைக் கேட்பார். அந்தக் கேள்வி அட்வான்ஸ் வாங்கியபிறகு வந்தால் விற்பவர் கை கட்டிப்போடப்படும். அத்தைக்கும் அப்போதுதான் விஷயம் தெரியும், அதுவும் வேறு யார் வாயிலிருந்தோ. வரி கட்டியதையும் பராமரித்ததையும் கணக்கு எழுதிக் காட்டிக் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம். அது நியாயம். பங்கையே மறைப்பது நியாயமில்லை.

உறையூர்_பையன், ஒரு வேண்டுகோள். அத்தையிடம் போய், "சும்மா ஒரு கையெழுத்துதான் அத்தே" என்று சொல்லாதீர்கள். நான் அலுவலகத்தில் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். அந்த அம்மாக்கள் வந்து உட்கார்ந்து, எழுதியதை நான் வாசித்துக் காட்டும்போதுதான் தனக்குப் பங்கு இருந்ததே தெரிந்து முகம் மாறும். கையெழுத்துப் போடுவார்கள். அப்புறம் அந்த வீட்டுக்குப் போக்குவரத்து நின்றுவிடும். பங்கு இவ்வளவு என்று நேரில் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்கிற உரிமையும் அவருடையது.

உறையூர்_பையன்

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உன் பாட்டி அந்தத் திண்ணையில்தான் கடைசிவரைக்கும் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பங்கு இல்லாமல் எப்படி இருக்கும்?" என்றார். இந்த ஞாயிறு அம்மாவோடு கரூர் போகிறேன்.

இடையில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். பதிவுத்துறையின் டிஎன் ரெஜிநெட் தளத்தில் 1975-லிருந்து கேட்டேன். 1978 கிரயம் வந்தது. கூடவே 1985-இல் அப்பா ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்த அடமானம் ஒன்று நிற்கிறது. பின் பகுதி கட்டக் கடன் வாங்கியிருக்கிறார் போலிருக்கிறது. கட்டி முடித்த பாஸ்புக் பீரோவில் கிடைத்தது, கடைசிப் பக்கத்தில் கணக்கு முடிந்தது என்று முத்திரை இருக்கிறது. ஆனால் வில்லங்கத்தில் அடமானம் மட்டும் இருக்கிறது, அது தீர்ந்ததாக எதுவும் இல்லை.

பதிவேடு

அந்தக் காலத்தில் பலர் கடனைக் கட்டிவிட்டு அசல் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், தீர்வு ரசீதைப் பதிவு செய்ய மாட்டார்கள். சங்கத்துக்குப் பாஸ்புக்கோடு போய், கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரம் பதிவு செய்து கொடுக்கும்படி எழுத்தில் கேளுங்கள். சங்கம் வேறு சங்கத்தோடு இணைந்திருக்கலாம், கலைக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் கூட்டுறவுத் துணைப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். நாள் பிடிக்கும் வேலை, அதனால் இப்போதே ஆரம்பியுங்கள். பாஸ்புக்கைப் பத்திரமாக வையுங்கள், நகல் மட்டும் கொடுங்கள்.

பட்டாவில் உள்ள அளவும் பத்திரத்தில் உள்ள அளவும் ஒன்றா என்று பாருங்கள். உறையூர் நகர நில அளவைக்குள் வருவதால் டவுன் சர்வே எண்ணும் பழைய சர்வே எண்ணும் வேறு வேறாக இருக்கும், இரண்டையும் பத்திரத்தில் எழுத வேண்டும். அளவு குறைந்தால் சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். வாங்குகிறவர் டேப் பிடித்து அளந்து அரை அடி குறைகிறது என்று சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் நில மதிப்பு) தளத்தில் உங்கள் சர்வே எண்ணைப் போட்டு மதிப்பு காட்டுகிறதா என்றும் பாருங்கள். ஸ்ரீரங்கம் பக்கம் கோவில் நிலம் என்று பதிவு நிறுத்தப்பட்ட இடங்கள் உண்டு, உரிமையாளருக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

வீட்டு வரி, குடிநீர், பாதாளச் சாக்கடைக் கட்டணம் பாக்கி இல்லாமல் ரசீது எடுத்து வையுங்கள். 1986 கட்டடத்துக்கு பிளான் அப்ரூவல் வாங்கியிருந்தால் தேடி எடுங்கள். திருச்சி மாநகராட்சி ஆனது 1994-இல். உங்களுடையது நகராட்சிக் காலத்துப் பேப்பராக இருக்கும்.

சிங்கைவாசி

தங்கை சிங்கப்பூரில் என்று படித்ததால் எழுதுகிறேன். அவர் நேரில் வர முடியாவிட்டால் உங்களுக்கோ அம்மாவுக்கோ பவர் (தன் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரப் பத்திரம்) கொடுக்க வேண்டும். இங்கே இந்திய ஹை கமிஷனில் நேரம் வாங்கிப் போய், அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு அத்தாட்சி பெறலாம். அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். பலர் பெட்டியில் வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து. கிரயத்தன்று பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு வாழ்வுச் சான்றும் கேட்பார்கள், அதையும் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள்.

பவரில் இந்த ஒரு சொத்து, அதன் நான்கெல்லை, விற்பதற்கான அதிகாரம் இவை மட்டும் இருக்கட்டும். "என் சொத்துக்கள் அனைத்தையும்" என்கிற மாதிரி வாசகம் வேண்டாம், சொந்த அண்ணனுக்கே ஆனாலும். பணம் அவருடைய என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய வங்கியில் வைக்கும் கணக்கு) நேரடியாகப் போகட்டும்.

வரிக்கணக்கு

வரி பற்றி யாரும் தொடவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாக.

வாரிசாக வந்த சொத்துக்கு அப்பா வாங்கிய விலைதான் அடக்கவிலை. 2001-க்கு முன் வாங்கியது என்பதால் 1-4-2001 அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. ஆகவே சார்பதிவாளர் அலுவலகத்தில் 2001 வழிகாட்டி மதிப்பை வாங்கி, அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் ஒரு ரிப்போர்ட் எடுங்கள். விற்பதற்கு முன் செய்கிற செலவிலேயே இதுதான் அதிகம் திருப்பிக் கொடுக்கும்.

23-7-2024-க்கு முன் வாங்கிய நிலம், வீட்டுக்கு இந்தியாவில் வசிப்பவர்கள் இரண்டு வழியில் கணக்குப் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். பணவீக்கக் குறியீடு இல்லாமல் லாபத்தில் 12.5 சதவீதம், அல்லது குறியீட்டால் அடக்கவிலையை ஏற்றிக்கொண்டு மீதி லாபத்தில் 20 சதவீதம். 2025-26-க்கான குறியீடு 376, 2001-க்கு 100. உதாரணத்துக்கு 90 லட்சத்துக்கு விற்று, 2001 மதிப்பு 12 லட்சம் என்று வைப்போம். முதல் வழியில் லாபம் 78 லட்சம், வரி 9.75 லட்சம். இரண்டாவது வழியில் 12 லட்சம் 45.12 லட்சமாக ஏறும், லாபம் 44.88 லட்சம், வரி ஏறக்குறைய 8.98 லட்சம். இதே விற்பனை விலைக்கு 2001 மதிப்பு ஏறக்குறைய 10.75 லட்சத்துக்குக் கீழே வந்தால் முதல் வழியே லாபமாகிவிடும், அதனால் இரண்டையும் போட்டுப் பாருங்கள். இதன்மேல் செஸ் என்கிற கூடுதல் வரி தனி. இதை ஐந்து பேரும் அவரவர் பங்குக்கு அவரவர் கணக்கில் கட்டுவார்கள், ஒருவர் தலையில் விழாது.

தங்கைக்கு அந்த இரண்டாவது வழி கிடையாது, வெளிநாட்டில் வசிப்பவர். அதைவிட முக்கியம்: மற்றவர்களுக்கு, மொத்த விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குகிறவர் வருமான வரிக்காக விலையில் பிடிப்பது 1 சதவீதம்தான். தங்கை பங்குக்கு அப்படி இல்லை. அவர் பங்கு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மூலதன ஆதாய வரி (விற்பனை லாபத்துக்கான வரி) விகிதத்திலேயே பிடிப்பார்கள், நடைமுறையில் லாபத்தின் மேல் பிடிக்காமல் மொத்தத் தொகையின் மேலேயே பிடித்துவிடுகிறார்கள். வருமான வரி அலுவலகத்தில் குறைந்த பிடித்தத்துக்கான சான்றை முன்கூட்டியே தங்கை வாங்கிவிட்டால் பணம் சிக்காது. வாங்குகிறவர் கிடைத்தபிறகு விண்ணப்பித்துக்கொள்ளலாம் என்று பேப்பர்களைச் சேர்க்காமல் இருக்காதீர்கள்.

வேறு வீடு வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள், விற்ற 6 மாதத்துக்குள் ஆர்இசி, பிஎஃப்சி, ஐஆர்எஃப்சி ஆகிய அரசுத்துறை நிறுவனங்களின் கடன் பத்திரங்களில் 50 லட்சம்வரை போட்டு வரிச்சலுகை பெறலாம். 5 வருடம் எடுக்க முடியாது. அம்மாவுக்கு அது ஒத்துவருமா என்று அவரிடமே கேளுங்கள்.

காவேரிப்பாலம்

பத்திரம் இவ்வளவு சுத்தமாக இருந்தால் நானே பத்துப் பேரைக் கூட்டி வருவேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் நிறையப் பேர் ஒரு பகுதியை வெள்ளையிலும் மீதியைக் கையிலும் தருவார்கள். முழுவதும் வங்கி வழியாகத்தான் என்று நின்றால் பார்ட்டி குறையும், விலையும் கொஞ்சம் இறங்கும். நடைமுறை அதுதான்.

வரிக்கணக்கு

சார், உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் விற்பவருக்கு இது ஆபத்து. 2015 ஜூன் முதல் வீடு நிலம் விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. பிடிபட்டால் வாங்கிய ரொக்கத்தின் அளவுக்கே அபராதம், அதுவும் ரொக்கத்தை வாங்கிய விற்பவருக்கு. ஐந்து பேர் பங்கு உள்ள சொத்தில் ரொக்கம் வந்தால் அதை யார் எண்ணுவது, யாரிடம் எவ்வளவு என்று யார் எழுதுவது? அத்தைக்கு 24-இல் 2 பாகம் என்று நேரில் சொல்லிவிட்டு, பத்திரத்தில் பாதி விலையைக் காட்டினால் அவர் எந்த விலைக்கு 2 பாகம் வாங்கியதாக நினைப்பார்?

காவேரிப்பாலம்

கடைசிக் கேள்வி நியாயமானது. ஒத்துக்கொள்கிறேன். வங்கிக் கடனில் வாங்குகிற பார்ட்டியாகப் பார்க்கலாம். அவர்களுக்கு வெள்ளைதான் வசதி. ஆனால் பழைய கூடத்துக்கு வங்கி மதிப்பீட்டாளர் பெரிதாக ஒன்றும் போட மாட்டார், மனை விலையைத்தான் பார்ப்பார். அதை எதிர்பார்த்தே விலை சொல்லுங்கள்.

அட்வான்ஸ் ஒப்பந்தம் போடும்போது கெடு எழுதுங்கள். வாங்குகிறவருக்கு லோன் கிடைக்குமா என்று வங்கியில் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிட்டால் அது வில்லங்கத்தில் ஏறிவிடும். அந்த ஆள் பின்வாங்கினால் ரத்துப் பத்திரத்துக்கு அவரும் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த பார்ட்டி கிட்டேயே வர மாட்டார்.

தில்லைநகர்_அக்கா

வீட்டைக் காலி செய்வது பற்றி. பரணில் இருக்கும் பித்தளை அண்டா, குத்துவிளக்கு, ஆட்டுக்கல், ட்ரங்குப் பெட்டி எல்லாவற்றையும் விலை பேசுவதற்கு முன்னாலேயே குடும்பத்துக்குள் பிரித்துவிடுங்கள். அத்தை வீட்டுக்கு வந்து தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும். பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒவ்வொரு நோட்டையும் புரட்டுங்கள், அந்தப் பாஸ்புக் கிடைத்த மாதிரி இன்னும் என்ன இருக்கிறதோ. கிணற்றைத் தூர் வாரி மூடி போடுங்கள், குழந்தையோடு பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் முதலில் கவனிப்பார்கள். மோட்டார் ஓடட்டும், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரட்டும்.

உறையூர்_பையன்

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கரூரில் அத்தையிடம் 24-இல் 2 பாகம் என்று பேப்பரில் எழுதிக் காட்டினோம். முதலில் தனக்கு எதுவும் வேண்டாம் என்றார். அம்மா விடவில்லை. "வாங்கிக்கொண்டு பேத்திக்குக் கொடு, வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே" என்றார். சித்தப்பா போனிலேயே சரி என்றார், வீட்டு வரி ரசீதுகளைப் பார்த்துக் கழிக்க வேண்டியதைக் கழிக்கச் சொல்லிவிட்டார். பாட்டியின் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்தாகிவிட்டது. சங்கத்தில் ரசீதுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை, மறுபடி போகிறேன்.

உத்திரங்களை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தோம். வடக்குச் சுவர் ஓரம் ஒன்று மட்டும் மெத்தென்று இறங்கியது, மற்றவை கெட்டி. அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் இரும்புக் கர்டர் கொடுத்து, விரிசலைச் சுண்ணாம்பால் அடைக்க ஆள் பேசியிருக்கிறோம். கம்பி தெரிந்த இடமும் சேர்த்து, மொத்தச் செலவு அந்த 7 லட்சத்தில் நாலில் ஒரு பங்குகூட வராது. பார்க்க வருகிறவரிடம் அந்த உத்திரத்தைக் காட்டியே விலை பேசுவதாக இருக்கிறேன்.

ஒரே சந்தேகம். அத்தையின் ஆதாரில் மாமா பெயர் இருக்கிறது. பாட்டியின் வாரிசுச் சான்றில் தாத்தா பெயரோடு வரும். பதிவில் சிக்கல் வருமா?

பதிவேடு

கல்யாணமான பெண்கள் எல்லோருக்கும் வருவதுதான். பத்திரத்தில் இன்னாரின் மகளும் இன்னாரின் மனைவியுமான இன்னார் என்று இரண்டையும் எழுதிவிடுவோம். வாரிசுச் சான்று விண்ணப்பத்திலேயே கணவர் பெயரையும் சேர்க்கச் சொல்லி விஏஓவிடம் கேட்டுப் பாருங்கள், இன்னும் விசாரணைக்கு வரவில்லை என்றால் திருத்தலாம். பான் அட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். 1 சதவீதப் பிடித்தம் அந்தப் பெயரில்தான் வரவாகும், அது தவறினால் அத்தை திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும்.